மூலிகத்துக்கும் மூலிகைக்கும் நடுவில்

1

அந்த யோசனை எனக்கு வந்தது ஆய்வுகூடத்தில் அல்ல, வெளிநாட்டவர் அலுவலகத்து வரிசையில்.

போலந்தின் இந்த நகரத்தில் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க வருகிற எல்லோரையும் ஒரு நீண்ட மண்டபத்தில் உட்கார வைப்பார்கள். கையில் ஓர் இலக்கச் சீட்டு. கூப்பிடும்வரை சுவரைப் பார்க்கலாம், அல்லது பக்கத்திலிருக்கும் உக்ரேன்காரரின் சப்பாத்தைப் பார்க்கலாம். சிகரெட் பிடிக்கிறவர்கள் கோடியிலிருக்கும் கதவால் வெளியே போய்ப் பனியில் நின்றுவிட்டு வருவார்கள். அந்தக் கதவுக்கு மேலே ஒரு விளக்கு. ஆள் வெளியே போகும்போது அது எரியாது. உள்ளே வரும்போது மட்டும் பளிச்சென்று எரிந்து அணையும். ஏதோ பழுது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

ஆளையே பார்க்க வேண்டாம். விளக்கைப் பார்த்தால் போதும். எத்தனை பேர் திரும்பினார்கள், எவ்வளவு சீக்கிரம் திரும்பினார்கள் என்று சொல்லிவிடலாம்!

இரண்டு வருடமாக நான் செய்வது இதற்கு நேர்மாறான வேலை. எட்சேன் மாதிரியான திரவ ஐதரோகாபன்களை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குத் தண்ணீர், முகர்ந்தால் பெற்றோல். அதன்மேல் கதிர்வீச்சால் ஒரே ஓர் அடி அடித்தால் மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்கள் பிய்ந்து தெறிக்கும். தெறித்தவற்றில் பெரும்பாலானவை புறப்பட்ட இடத்துக்கே இழுபட்டுத் திரும்பிவிடும். ஒரு கண் சிமிட்டலை ஆயிரம் கோடித் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு நேரம்தான் இந்தப் பயணத்துக்கு. எப்படியோ தூரமாகப் போய்விட்ட சில மட்டும் தப்பும். தப்பியவற்றைத்தான் நாங்கள் அளந்துகொண்டிருந்தோம். அவை நிதானமாகத் திரியும், அளப்பது சுலபம். திரும்புகிறவையோ கருவி விழிப்பதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

திரும்பும்போது ஒளிர்கிற ஒரு பொருளைத் துளியளவு கலந்துவிட்டால்? வாசலில் அந்த விளக்கை மாட்டின மாதிரி?

சீட்டைத் திருப்பி அதன் முதுகிலேயே படம் கீறத் தொடங்கினேன். சந்தோஷம் என்றால் சந்தோஷம். அதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அந்த நேரம் முழுக்கச் சட்டைப்பைக்குள் என் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். தங்கச்சி கோகிலா. அவள் மிஸ்ட் கோல் கொடுப்பாள், நான் திருப்பி எடுப்பேன், அதுதான் எங்கள் வழக்கம். அப்புறம் எடுப்போம் என்று பையிலேயே போட்டுவிட்டேன்.

"பான் முத்தையா!" என்று கருமபீடத்துக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் கூப்பிட்டது அப்போதுதான். பான் என்றால் ஐயா. முத்தையா நானில்லை, என் அப்பா. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக ஏறிவிட்டதால் இந்த நாடு என்னை என் சொந்தப் பெயரால் கூப்பிட்டதே கிடையாது. ஓடிப்போய், "என் முறை தாண்டிவிட்டதா? படிவத்தை இப்போது தரலாமா?" என்று கேட்டேன். அவள் கையை நீட்டி, "நோ" என்றாள்.

போலிஷ் மொழியில் "நோ" என்றால் "ம், சரி" என்று அர்த்தம். வந்த புதிதில் இதில் நன்றாக அடிபட்டிருக்கிறேன். "இந்தப் போத்தலில் இருப்பது எட்சேனா?" என்று கேட்பேன். "நோ" என்பார்கள். நான் வேறு போத்தல் தேடி அலைவேன். இரண்டு வருடப் பழக்கம் அன்றைய சந்தோஷத்தில் பறந்துவிட்டது. மறுத்துவிட்டாள் என்று நினைத்துத் திரும்பிப் போய்ப் புதுச் சீட்டு எடுத்து உட்கார்ந்தேன். நீட்டிய கையோடு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2

கோகிலா எதற்காகக் கூப்பிட்டாள் என்பதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பத்திரிகைச் செய்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்த இலத்திரன் சும்மா வந்து உட்காருவதில்லை. வந்த வேகத்தில் மூலக்கூறு ஆடிப்போய் உடைவதும் உண்டு. அப்படி உடைந்த துண்டுகளுக்குத்தான் சுயாதீன மூலிகம் என்று பெயர். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்குப் புலமைப்பரிசில் கிடைத்தபோது இலங்கையில் எங்கள் ஊரான யட்டவத்த பக்கம் ஒரு பத்திரிகையின் பகுதிநேர நிருபர் நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்கே வந்துவிட்டார். எதைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்டார். "சுயாதீன மூலிகம்" என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

"சுயாதீன மூலிகை ஆராய்ச்சிக்காகத் தோட்டத் தொழிலாளியின் மகன் ஐரோப்பா பயணம்" என்று அச்சாகி வந்தது.

அவரைக் குறை சொல்லி என்ன? மாத்தளைக்காரர் அவர். வீட்டுக்கு வீடு மிளகுக்கொடி, கராம்பு, ஏலம். கண்டி வீதியின் இரண்டு பக்கமும் வெள்ளைக்காரருக்கு எண்ணெய் காட்டும் வாசனைத் தோட்டங்கள். அந்த ஊர்க் காதில் மூலிகம் என்று போட்டால் மூலிகையாகத்தான் விழும். உலகத்தில் வேறெந்த மொழிக்காரரும் இந்தப் பிழையை விட்டிருக்க முடியாது. சிங்களத்தில் இதற்கு "முக்த கண்ட" என்பார்கள். அதைக் கேட்டு யாரும் கஷாயத்தை நினைக்க மாட்டார்கள்.

"அப்பா, தப்பாப் போட்டிருக்காங்க" என்றேன்.

"என்னா தப்பு? போட்டோ நல்லாத்தானே விழுந்திருக்கு?"

"மூலிகை இல்லப்பா. மூலிகம்."

"அதத்தானே நாங்களும் சொல்றோம்?"

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பென்ஷன் எடுத்த பிறகும் பல்லேபொல பக்கம் கிராமத்து ஆட்களின் மரங்களை நாட்கூலிக்கு வெட்டினார். அம்மா போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் அந்தக் கத்தியால்தான் வளர்த்தார். அந்தச் செய்தியை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கோகிலா ஒரு வாசனைத் தோட்டத்தில் எண்ணெய் விற்கும் இடத்தில் நிற்கிறாள். அவளுடைய முதலாளியும் ஒரு பிரதி கேட்டு வாங்கி, கண்ணாடி அலுமாரிக்கு மேலே மாட்டிக்கொண்டார். எங்கள் பிள்ளையின் அண்ணன் ஐரோப்பாவில் ஆராய்கிற மூலிகைகள் என்று. வடக்கில் நடந்த சண்டையால் வெள்ளைக்காரர் வருவதே நின்றுபோன காலம். அவரும் எதையாவது மாட்டத்தானே வேண்டும்.

நானும் அப்படியே விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அப்போது அது பகிடியாக இருந்தது.

3

அலுவலகத்து வேலை முடிந்து, டிராமுக்குக் காத்துக்கொண்டே கோகிலாவுக்கு எடுத்தேன்.

"எத்தன வாட்டி அடிக்கிறது? போன் பைக்குள்ள தூங்குதா, நீ தூங்குறியா?"

"ஆபீஸ்ல இருந்தேன்டி. சொல்லு."

"அப்பாவுக்குக் கால்ல புண்ணு. பெருவிரல்ல. பல்லேபொலயில கட்டை குத்துனதாம், எங்கிட்ட சொல்லவே இல்ல. சீனி வியாதி வேற இருக்கில்ல, ஆறல. இப்ப விரலு கறுத்துப் போச்சு அண்ணே."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனியா?"

"போகாமலா? மாத்தள ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். வழியில ஆமிக்காரங்க ரெண்டு எடத்துல எறக்கி ஐடென்டி கார்டு பாத்தாங்க. அந்தக் காலோட அவரையும் எறங்கி நிக்க வச்சாங்க. டாக்டரு பாத்துட்டு, விரல எடுக்கணும்னாரு. இப்ப எடுத்தா விரலோட போகும், நாள் போனா காலோட போகும்னு தமிழ்லயும் சொன்னாரு, சிங்களத்துலயும் சொன்னாரு. இவரு ரெண்டு பாஷையிலயும் தலைய ஆட்டிட்டு, மூத்திரம் பேஞ்சுட்டு வர்றேன்னு சொல்லி பஸ் ஏறி வந்துட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"புண்ணுல எண்ணெ போட்டுக்கிட்டிருக்காரு."

"என்னா எண்ணெ?"

"அது... எண்ணெதான்."

"கோகி, என்னா எண்ணெ?"

"ஒன் எண்ணெதான். எங்க முதலாளி குடுத்தது. மகன் படிக்கிற எண்ணெ, சும்மா எடுத்துட்டுப் போங்க ஐயான்னு குடுத்தாராம். காலையும் மாலையும் தடவுறாரு. யாராச்சும் கேட்டா, பெரியவன் இதவிட நல்லதா ஒண்ணு அனுப்புவான், அதுவரைக்கும்தான் இதுன்னு சொல்றாரு."

டிராம் வந்து நின்று கதவைத் திறந்து மூடிக்கொண்டு போய்விட்டது. நான் ஏறவில்லை.

"சும்மா இருக்காத அண்ணே. நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ சொல்லு."

"நான் உண்மையச் சொல்லிடுறேன். நான் படிக்கிறது மருந்தே இல்லன்னு."

"அடப் போண்ணே! இப்பப் போயி அதச் சொன்னா, அப்ப நீ யாரு எனக்குப் புத்தி சொல்லன்னு இன்னும் அழுத்தமா உக்காந்துக்குவாரு. நீ மருந்துக்காரனாவே பேசு. மகனாப் பேசினா கேக்க மாட்டாரு. மருந்துக்காரன் சொன்னா கேப்பாரு."

4

நேரில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்.

அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் காலத்தில் நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே வருவதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று, அன்றே திரும்பிப் போய்க் கேட்டபோது, கருமபீடத்துப் பெண் சொன்னாள். "நோ?" என்று கேட்டேன். "நோ" என்றாள். இந்த முறை அவள் எந்த நோவைச் சொன்னாள் என்று உண்மையிலேயே தெரியாமல் எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தாள். போக முடியாதுதான்.

அந்தப் பக்கமும் அப்படித்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும் தமிழ்ப் பொடியனிடம், எங்கே இருந்தாய், யார் காசு தந்தது, என்ன படிக்கிறாய் என்று கேட்பார்கள். கதிர்வீச்சு, எரிபொருள் மாதிரி ஒரு திரவம், கண்மூடித் திறப்பதற்குள் நடக்கும் தாக்கம். இதை விளக்கிச் சொல்லிவிட்டு வெளியே வரக்கூடிய காலமா இது? மூலிகை படிக்கிறேன் என்று சொன்னால்தான் விடுவார்கள். யோசித்துப் பார்த்தால் அந்தச் செய்தி எல்லா இடத்திலும் எனக்குக் கைகொடுக்கத்தான் செய்கிறது. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு வெட்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். போகாமல் இருப்பதற்கு இத்தனை காரணம் கிடைத்தபோது உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வாசல் விளக்கு யோசனை அப்போதும் தலைக்குள் எரிந்துகொண்டே இருந்தது.

5

மறுநாள் அப்பாவோடு பேசினேன். கோகிலாவின் போன்தான். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள், பக்கத்தில் சேவல் கூவுவது கேட்டது.

"அப்பா, கால் எப்படி இருக்கு?"

"கால் இருக்கு. நீ சாப்ட்டியா? அங்க இன்னும் பனி கொட்டுதா?"

"கொட்டுது. டாக்டர் சொன்னத ஏன்ப்பா கேக்கல?"

"அவன் கெடக்கான், சின்னப் பொடியன். கத்தியத் தூக்குறதுலயே இருக்கான். நானும் காலம்பூரா கத்தி புடிச்சவன்தான் தம்பி. பட்டையில வெட்டுன்னா வெட்டலாம். இவன் மரத்தையே வெட்டுங்கிறான்."

"விரல்தானேப்பா."

"பெருவிரல் இல்லாம சரிவுல எப்படி ஊன்றது? நீ சொல்லு. சரி, அத விடு. நீதான் படிக்கிறியே, நல்லதா ஒண்ணு அனுப்பு. இந்த எண்ணெ கொஞ்சம் தண்ணியா இருக்கு."

இந்த எண்ணெய் கொஞ்சம் தண்ணியாக இருக்கிறது. அவர் குறை சொல்லவில்லை. என் வேலையில் ஒரு சின்னத் திருத்தம் சொன்னார், அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்ட பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோகிலா சொன்ன மாதிரியே மருந்துக்காரன் ஆனேன்.

"அப்பா, நான் எல்லாம் பாத்துட்டேன். என் மூலிகை எதுக்கும் ஒங்க புண்ணு ஆறாது. கறுத்துப்போன சதைக்கு மருந்து கெடையாது. வெட்டித்தான் ஆகணும்."

"ம்."

"அந்த எண்ணெய இன்னிக்கோட நிப்பாட்டுங்க."

"ம்."

"நாளைக்கே போங்க. மூத்திரம் பேஞ்சுட்டு வர்றேன்னு பஸ் ஏறக் கூடாது."

கோகிலா பின்னால் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"வெட்டணும்னு ஒன் படிப்பு சொல்லுதா, இல்ல நீ சொல்றியா?"

"படிப்பு சொல்லுது."

"அப்ப சரி."

அவ்வளவு சுலபமாகச் சரி என்றுவிட்டார். அன்று ஆய்வுகூடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. அளப்பதற்கு முன் திரவத்துக்குள் ஆகன் வாயுவை விட்டு, அதில் கரைந்திருக்கும் காற்றைத் துரத்த வேண்டும். காற்றிலிருக்கும் ஒட்சிசன் இலத்திரனை வழியிலேயே பிடித்துத் தின்றுவிடும். அதை மறந்து அப்படியே வைத்துவிட்டேன். திரையில் கோடு எழும்புவதற்குள் படுத்துவிட்டது. எங்கள் பேராசிரியை ஈவா அம்மையார் எட்டிப் பார்த்து, "பான் முத்தையா, இன்று காற்றையா அளக்கிறீர்கள்?" என்றார்.

அவரிடம் நடந்ததைச் சொன்னேன். மூலிகம், மூலிகை என்று இரண்டையும் காகிதத்தில் எழுதியும் காட்டினேன். கடைசி எழுத்துகளைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார், நல்ல மனுசிதான், பகிடி என்றுதான் சிரித்தார். கூடவே நானும் சிரித்தேன். அப்பாவின் கறுத்த விரலைப் பற்றிய கதையில், ஐரோப்பாவின் ஒரு நிலவறை ஆய்வுகூடத்தில் நின்று, நான் சிரித்தேன்.

பேச்சை மாற்றுவதற்காகத்தான் விளக்கு யோசனையைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இந்த மாதிரி வேறு திரவங்களில் மற்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். உங்கள் கலவையில் யாரும் பார்க்கவில்லை. செய்து பாருங்கள்" என்றார். நான் கலப்பது எட்சேனும் ஐசோஒக்டேனும். எட்சேன் மூலக்கூறு நீளமானது, அதில் இலத்திரன் சிக்கிச் சிக்கிப் போகும். ஐசோஒக்டேன் மூலக்கூறு உருண்டை மாதிரி, அதற்குள் ஓடலாம். ஓட இடம் கொடுத்தால் திரும்புவது குறையுமா என்பதுதான் என் கேள்வி. ஒரு வருடமாகக் காத்திருந்த பாராட்டு அவருடைய அந்தச் 'செய்து பாருங்கள்'. வீட்டுக்கு வரும் வழியில் ரொட்டிக் கடை வாசலில் நின்று, யாருக்குச் சொல்வது என்று யோசித்தேன். அப்பாவுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. மூலிகை என்ற வார்த்தைதான் இருந்தது, அதையும் நான் கெடுத்து வைத்திருந்தேன்.

6

விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது.

கோகிலா கூப்பிட்டு, சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள். லயத்திலிருந்து தங்கராசு மாமா ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருக்கிறார். வாய் சும்மா இருக்காதவர் அவர்.

"என்னா முத்தையாண்ணே, மகன் சீமையில மூலிகை அரைக்கிறான், நீங்க இங்க வெரலக் குடுத்துட்டுப் படுத்திருக்கீங்க?"

"அவன்தான்டா வெட்டச் சொன்னான். எண்ணெ யாவாரியா இருந்தா வெட்டாத, இன்னும் ரெண்டு போத்தல் வாங்குன்னு சொல்லுவான். படிச்சவன், வெட்டுன்னான்."

வார்டே சிரித்ததாம். தங்கராசு மாமா போன பிறகு அப்பா குரலைத் தாழ்த்திக் கோகிலாவிடம் சொல்லியிருக்கிறார்:

"அவனப் போயி ஒண்ணும் கேட்டுக்கிட்டு இருக்காத. படிப்பு இன்னும் முடியலல்ல? பாதிப் படிப்புல மருந்து எப்புடிச் சரியா வரும்? அவனுக்கே அது வெக்கமாத்தான் இருக்கும்."

என் வெட்கத்தை அவர் சரியாகத்தான் கண்டுபிடித்தார். காரணத்தை மட்டும் மாற்றி, எனக்கு மரியாதையான ஒன்றைத் தந்துவிட்டார். மகனின் மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அதை வெளியே தெரியாமல் மூடிக்கொண்டு, கட்டுப்போட்ட காலோடு படுத்திருக்கிறார்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் குறிப்பை நான் எழுதியிருக்க மாட்டேன். வெட்கத்தைப் பேசாமல் வைத்திருக்க எனக்குத் தெரியும். ஆனால் கோகிலா இன்னொன்றும் சொன்னாள்.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு சிங்கள மாத்தயா இருக்காரு அண்ணே. பல்லேகம பக்கம் வயக்காரரு. அவருக்கும் சீனி, அவருக்கும் விரலுதான். நாளான்னிக்கு எடுக்கணும்னு இருந்தாங்க. இப்ப கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு."

"ஏன்?"

"அப்பாதான் சொல்லி வச்சிருக்காரு, சிங்களத்துல. என்னுது கறுத்துப் போச்சு, அதான் எம்மகன் வெட்டச் சொன்னான். ஒன்னுது இன்னும் செவப்பாத்தானே இருக்கு, எம்மகன்கிட்ட அதுக்கு மருந்து இருக்கும், பொறுன்னு. ரெண்டு பேரும் ஒரே வெத்தலத் தட்டு, அப்புடி சிநேகம் ஆயிட்டாங்க. அந்தாளு மகளக் கூப்பிட்டு வீட்டுக்குப் போயிடலாம்கிறாராம்."

கறுத்துப்போன சதைக்கு மருந்து கிடையாது. சொன்னது நான்தான். சிவந்த சதைக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த மனுசனும் அப்படித்தான் கேட்பான். ஒரு விரலைக் காப்பாற்ற முடியாமல் ஒரு காலைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னுடைய வாக்கியம் இப்போது பக்கத்துக் கட்டிலுக்குப் போய், முகம் தெரியாத ஒருவரின் காலில் உட்கார்ந்திருக்கிறது. ஊரெல்லாம் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கிற இந்த நேரத்தில் ஒரு சிங்களவர் என் அப்பாவின் சொல்லை டாக்டரின் சொல்லுக்கு மேலாக நம்புகிறார். அந்த நம்பிக்கையா இப்படி அவருக்குப் பகையாக வேண்டும்?

"நீயே அவருகிட்ட சொல்லிடேன் கோகி, மருந்து ஒண்ணும் இல்லன்னு."

"சொன்னேனே! எண்ணெ விக்கிறவ அப்புடித்தான் சொல்லுவா, போட்டிக்கு ஆள் வருதுன்னு, அப்புடின்னு சிரிக்கிறாரு. அப்பா வாயால வந்தாத்தான் நம்புவாரு. அப்பா வாயில வரணும்னா நீதான் சொல்லணும். இந்த வாட்டி மகனாச் சொல்லு."

7

நாளை மதியம் கதிர்வீச்சு இயந்திரத்தில் என் முறை. கலவை தயார். ஒளிரும் பொருளைத் துளித்துளியாகக் கரைத்து வைத்தாயிற்று, ஆகனும் விட்டு மூடியாயிற்று. இந்த முறை மறக்கவில்லை. எச்சரிக்கை மணி அடிக்கும், தடித்த கதவு மூடும், ஒரு துடிப்பு. இலத்திரன்கள் தெறித்துத் திரும்பும் அந்த இம்மியளவு நேரத்தில் வெளிச்சம் வருகிறதா இல்லையா என்று திரை சொல்லும்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் மாலை ஐந்து மணிக்கு நோயாளரைப் பார்க்க விடுகிறார்கள். இங்கே அப்போது பன்னிரண்டரை. அந்த நேரத்தில்தான் கோகிலா அப்பாவின் கையில் போனைக் கொடுக்க முடியும். நிலவறையில் போன் எடுக்காது. ஈவா அம்மையாரிடம் போய், நாளை நான் மேலே இருப்பேன், நீங்கள் தொடங்கிவிடுங்கள் என்றேன். "முதல் வெளிச்சத்தை நீங்கள் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டார். பார்க்க வேண்டும். பொய் சொல்லவில்லை, மிகவும் பார்க்க வேண்டும். அதை அவர் பார்க்கட்டும்.

இன்று முழுக்க வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தேன். சுயாதீன மூலிகம் வேண்டாம், இலத்திரனும் வேண்டாம். அவர் அதை அப்படியே பக்கத்துக் கட்டிலுக்குச் சிங்களத்தில் திருப்பிச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ரப்பர்ப் பாலில் தொடங்கலாமா என்று பார்த்தேன். சிரட்டையில் பால் உறைவதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிற வேலை மாதிரி, என்று. அது நன்றாக இருக்கிறது, ஆனால் அது இரண்டாவது வாக்கியம். நன்றாக இருக்கிற வாக்கியத்தை முதலில் சொன்னால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

முதல் வாக்கியம் இதுதான்: "அப்பா, நான் மருந்து படிக்கல. எங்கிட்ட எந்தப் புண்ணுக்கும் மருந்து இல்ல. கறுப்புக்கும் இல்ல, செவப்புக்கும் இல்ல. அந்த மாத்தயாவ நாளைக்கே கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

அவர் கேட்பார், வெட்டணும்னு அன்னிக்கு ஒன் படிப்புதானே சொன்னிச்சு என்று. இல்லப்பா, நான்தான் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது குரல் நடுங்கக் கூடாது. நடுங்கினால் அவர் என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவார், பக்கத்துக் கட்டில் மறந்துபோகும்.

பிறகு அவர் "ம்" என்பார். அது போலிஷ்காரரின் நோ மாதிரி, எந்தப் பக்கமும் திரும்பும். சரி என்கிற 'ம்'மா, போடா என்கிற 'ம்'மா, தங்கராசுக்கு இனி என்ன சொல்வேன் என்கிற 'ம்'மா என்று இவ்வளவு தூரத்திலிருந்து எனக்குத் தெரியாது. அதனால் போனை வைக்கப் போவதில்லை. அவர் தலையைத் திருப்பி, பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "பெஹெத் நே மாத்தயா, மருந்து ஒண்ணும் இல்ல" என்று சொல்வது என் காதில் விழும்வரை பிடித்துக்கொண்டே நிற்கப் போகிறேன்.